நுரையீரல் நோயோடு உடற்பயிற்சி: ஆக்சிஜனை எப்போது, எவ்வளவு, எப்படி வைத்துக்கொள்வது?

ஆக்சிஜன் கருவி வந்திறங்கிய பல வீடுகளில் நடப்பது இதுதான். மூச்சு வாங்கினால் உட்கார்ந்து குழாயை மூக்கில் மாட்டுவார்கள், பத்து நிமிடத்தில் சரியானதும் கழற்றி வைத்துவிடுவார்கள். எழுந்து நடக்கும்போது கருவி கட்டில் பக்கத்திலேயே கிடக்கும். உடம்பு அதிகமாக ஆக்சிஜன் கேட்கும் நேரத்தில் அது இல்லை, உட்கார்ந்தாலே தானாக அடங்கிவிடும் மூச்சுக்கு அது இருக்கிறது. நடப்பதற்கு முன்னாலோ நடந்து முடித்த பின்னாலோ கொஞ்ச நேரம் மட்டும் ஆக்சிஜன் இழுத்துக்கொள்வதால் பலன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. தேவைப்படுகிறவர்கள் அதை நடக்கும்போதே போட்டிருக்க வேண்டும்.

சிஓபிடி (மூச்சுக்குழாய்கள் சுருங்கி, காற்று வெளியேறத் திணறும் நாள்பட்ட நோய்), நுரையீரல் தழும்பு நோய்கள் (டாக்டர்கள் ஐஎல்டி என்பார்கள்), பிராங்கியெக்டேசிஸ் (மூச்சுக்குழாய்கள் விரிந்து சளி தேங்கும் நோய்) போன்றவை உள்ளவர்களுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன். நிமிடத்துக்கு எவ்வளவு லிட்டர் ஆக்சிஜன் என்ற முடிவு உங்கள் மருத்துவருடையது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அவரிடம் என்ன கேட்பது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்

மூச்சு வாங்குவது ஒன்று, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவது வேறு. இரண்டும் சேர்ந்தும் வரலாம், தனித்தனியாகவும் வரலாம்.

சிஓபிடி உள்ளவருக்கு உள்ளே போன காற்று முழுசாக வெளியே வருவதில்லை. வேகமாக நடக்கும்போது ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் காற்று உள்ளேயே தங்கி, நெஞ்சு ஊதிக்கொண்டே போகும், அடுத்த மூச்சை இழுக்கவே இடமிருக்காது. அந்த நேரத்தில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் சிறு கருவியை விரலில் மாட்டிப் பார்த்தால் 95 சதவீதம் காட்டும், ஆனால் ஆளோ பேச முடியாமல் நிற்பார். தழும்பு நோயில் கதை வேறு. ஓய்வில் இருக்கும்போது ஒரு ரத்தச் சிவப்பணு நுரையீரலின் நுண் ரத்தக்குழாயில் சுமார் 0.75 விநாடி இருக்கும், அதற்குள் ஆக்சிஜனை ஏற்றிக்கொள்ளும். கடுமையான உழைப்பில் ரத்தம் வேகமாக ஓடுவதால் அந்த நேரம் 0.25 விநாடி வரை சுருங்கிவிடும். நல்ல நுரையீரலுக்கு அதுவே போதும். தழும்பால் தடித்துப்போன நுரையீரல் சுவருக்குப் போதாது. அதனால்தான் உட்கார்ந்திருக்கும்போது 96 காட்டுகிற ஒருவர், வாசலுக்கு நடந்து திரும்புவதற்குள் 84-க்கு வந்துவிடுகிறார், சில சமயம் பெரிதாக மூச்சு வாங்காமலேயே.

ஆகவே உணர்வை மட்டும் நம்பி ஆக்சிஜனைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அளந்துதான் பார்க்க வேண்டும், அதுவும் நடக்கும்போது.

யாருக்கு உண்மையில் தேவை?

ஓய்விலேயே ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 55 மி.மீ. பாதரசம் அல்லது அதற்குக் கீழே (விரலில் மாட்டும் கருவியில் ஏறக்குறைய 88 சதவீதம் அல்லது கீழே) இருப்பவர்களுக்குச் சந்தேகமே இல்லை. ஒரு நாளைக்கு 15 மணி நேரமாவது ஆக்சிஜன் வேண்டும். 1980-லும் 1981-லும் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகளில், இப்படிப்பட்ட சிஓபிடி நோயாளிகள் தினமும் நீண்ட நேரம் ஆக்சிஜன் எடுத்துக்கொண்டால் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று தெரிந்தது. இவர்கள் உடற்பயிற்சி செய்யும்போதும் குழாய் இருந்தே ஆக வேண்டும். "நடக்கும்போது இடைஞ்சல்" என்று கழற்றுவது, இருப்பதிலேயே மோசமான நேரத்தில் கழற்றுவது.

ஓய்வில் நன்றாக இருந்து நடக்கும்போது மட்டும் இறங்குகிறவர்கள் விஷயத்தில்தான் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து மாறுபடுகிறது. 2016-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், மிதமாக மட்டும் ஆக்சிஜன் குறைகிற 738 சிஓபிடி நோயாளிகளைப் பார்த்தார்கள். ஆக்சிஜன் எடுத்தவர்களுக்கு ஆயுளிலோ மருத்துவமனையில் சேர்வதிலோ வித்தியாசம் தெரியவில்லை. 2019-ல் வந்த ஒரு ஆஸ்திரேலிய ஆய்வு இன்னும் சுவாரசியமானது: நடந்தால் ஆக்சிஜன் இறங்கும் 111 சிஓபிடி நோயாளிகளுக்கு 8 வாரம், வாரம் 3 நாள் பயிற்சி. ஒரு பாதிப் பேருக்கு மூக்குக் குழாயில் ஆக்சிஜன், மறுபாதிக்கு அதே குழாயில் வெறும் காற்று, யாருக்கு எது என்று தெரியாது. முடிவில் இரண்டு குழுவும் முன்னேறியது, ஏறக்குறைய ஒரே அளவுக்கு. அதாவது வேலை செய்தது பயிற்சிதான்.

தழும்பு நோயில் படம் மாறுகிறது. 2018-ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், நடக்கும்போது மட்டும் ஆக்சிஜன் இறங்கும் 84 நோயாளிகள் இரண்டு வாரம் ஆக்சிஜனோடும் இரண்டு வாரம் இல்லாமலும் இருந்து பார்த்தார்கள். ஆக்சிஜன் இருந்த வாரங்களில் அன்றாட வாழ்க்கை மேம்பட்டதாகவும் மூச்சு வாங்குவது குறைந்ததாகவும் சொன்னார்கள்.

இதையெல்லாம் வைத்து என் கருத்து: தழும்பு நோய் இருந்து, நடக்கும்போது 88-க்குக் கீழே போனால் தயங்காமல் மருத்துவரிடம் கேளுங்கள். சிஓபிடி என்றால் ஒரு முறை ஆக்சிஜன் இல்லாமலும் ஒரு முறை ஆக்சிஜனோடும் நடந்து பார்த்து, தூரம் கூடினால் அல்லது மூச்சு வாங்குவது குறைந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வித்தியாசமும் இல்லையென்றால் சுமந்துகொண்டு அலைவதில் அர்த்தமில்லை. நடந்தும் அளவு இறங்காதவர்களுக்குக் கருவியே வேண்டாம், யார் விற்க வந்தாலும் சரி. முக்கியமாக, ஆக்சிஜன் இன்னும் கிடைக்கவில்லை என்பதற்காகப் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள். எவ்வளவு இறங்கினால் நிறுத்த வேண்டும் என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டு மெதுவாகத் தொடங்கலாம்.

பரிசோதனை: ஆறு நிமிட நடை

30 மீட்டர் நீளமான சமதளத் தாழ்வாரத்தில் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் போக முடிகிறதோ அவ்வளவு நடக்கச் சொல்வார்கள். இடையில் நிற்கலாம், சுவரில் சாயலாம், ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். எளிமையான பரிசோதனைதான், ஆனால் சரியாகச் செய்தால் நிறையச் சொல்லும்.

போகும்போது வழக்கமான இன்ஹேலரை எடுத்துக்கொண்டு, வழக்கமான செருப்பு அல்லது ஷூவோடு போங்கள், கைத்தடி வைத்து நடப்பவர் கைத்தடியோடு. பரிசோதனை முடிந்ததும் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எவ்வளவு தூரம், நடந்தபோது ஆக்சிஜன் அளவு எது வரை இறங்கியது, எத்தனையாவது நிமிடத்தில் இறங்க ஆரம்பித்தது. கடைசியில் காட்டிய எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தால் அது போதாது, ஏனென்றால் நடுவில் ஒருவர் நின்று இளைப்பாறியிருந்தால் முடிவில் அளவு ஏறியிருக்கும். அடுத்த முறை நடக்கும்போது சுமார் 30 மீட்டர் வித்தியாசம் வந்தால் அது நிஜமான மாற்றம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

அப்புறம், இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்: நீங்கள் வீட்டில் பயன்படுத்தப்போகும் அதே கருவியை மாட்டிக்கொண்டு இன்னொரு முறை நடக்க வேண்டும். மருத்துவமனைச் சிலிண்டரில் 2 லிட்டரில் நன்றாக நடந்தவர் வீட்டுக் கருவியில் 2-ல் வைத்து நடந்தால் அதே பலன் கிடைக்கும் என்று சொல்லவே முடியாது. காரணம் அடுத்துச் சொல்கிறேன்.

கருவியைத் தேர்ந்தெடுப்பது

சிலிண்டர், வீட்டில் நிற்கும் செறிவூட்டி, தூக்கிச் செல்லும் செறிவூட்டி, சில நாடுகளில் திரவ ஆக்சிஜன் என்று நான்கு வகை. செறிவூட்டி என்பது காற்றிலுள்ள நைட்ரஜனை வடிகட்டி 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜனாகக் கொடுக்கும் இயந்திரம். வீட்டில் நிற்கும் செறிவூட்டி நடைப்பயிற்சிக்குப் பயன்படாது என்று நினைக்க வேண்டாம், நீளக் குழாய் போட்டு ஒரே இடத்தில் சைக்கிள் மிதிக்கலாம், உட்கார்ந்து எழலாம், நின்ற இடத்தில் கால் தூக்கி நடக்கலாம். ஆரம்ப வாரங்களுக்கு இதுவே தாராளம்.

தூக்கிச் செல்லும் செறிவூட்டியில்தான் குழப்பம். சிறிய மாடல்கள் பெரும்பாலும் தொடர்ந்து ஊதுவதில்லை, நீங்கள் மூச்சை இழுக்கும் நொடியைக் கண்டுபிடித்து அப்போது மட்டும் ஒரு சிறு அளவைத் தள்ளும். அதில் இருக்கும் 1, 2, 3 என்ற எண்கள் அந்த மாடலின் படிநிலைகள், நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்ற கணக்கில்லை. இந்தச் சிறிய கருவிகள் பலவும் மொத்தமாகவே நிமிடத்துக்கு ஒரு லிட்டரை ஒட்டித்தான் ஆக்சிஜன் தயாரிக்கின்றன. சில மாடல்களில் மூச்சு வேகமாக வேகமாக ஒவ்வொரு மூச்சுக்கும் கிடைக்கும் அளவு சிறியதாகிக்கொண்டே போகும், அதாவது அதிகம் வேண்டிய நேரத்தில் குறைவாக. வாயால் மூச்சு வாங்கும்போது சில கருவிகள் மூச்சையே கண்டுபிடிக்காமல் விட்டுவிடும்.

வாங்குவதற்கு முன் அந்தக் கருவியை மாட்டி ஆறு நிமிடம் நடந்து பார்க்க அனுமதிக்காத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். இது கொஞ்சம் கறாராகத் தெரியலாம், ஆனால் இவ்வளவு விலையுள்ள பொருளைப் போட்டுப் பார்க்காமல் வாங்குவது எந்த ஊர் நியாயம்? எடையையும் பாருங்கள். தோளில் தொங்கும் கனமே பாதி பலனைத் தின்றுவிடலாம். முடிந்தவர்கள் முதுகுப்பையில் போடுங்கள், முடியாதவர்கள் சக்கர வண்டியில் இழுங்கள், அல்லது சக்கரம் வைத்த நடைச்சட்டத்தில் வையுங்கள். நடைச்சட்டம் இன்னொரு வகையிலும் நல்லது, அதைப் பிடித்து முன்னால் சாய்ந்து நடந்தால் சிஓபிடி உள்ளவர்களுக்கு மூச்சு சுலபமாகிறது.

சிலிண்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. உள்ளே 400 லிட்டர் இருந்து நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடினால் 200 நிமிடம் வரும், 4 லிட்டர் என்றால் 100 நிமிடம்தான். கால் பங்கை எப்போதும் கணக்கில் சேர்க்காமல் வையுங்கள். பாதி தீர்ந்ததும் திரும்பலாம் என்று நினைக்க வேண்டாம், திரும்பி வரும் வழி எப்போதும் மெதுவாகத்தான் இருக்கும்.

எவ்வளவு லிட்டர்?

மருந்துச் சீட்டில் ஒரே எண் இருந்தால் திருப்பிக் கேளுங்கள். ஓய்வுக்கு ஒன்று, நடைக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று என்று மூன்று எண்கள் இருக்கலாம். ஓய்வில் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுப்பவர் நடக்கும்போது 30 லிட்டருக்கு மேல் இழுக்கலாம். குழாயில் வரும் 2 லிட்டர் ஆக்சிஜன் அவ்வளவு வெளிக்காற்றில் கலந்து நீர்த்துவிடுகிறது. அதனால் ஓய்வுக்குப் போதுமான அளவு நடைக்குப் போதாமல் போவது சகஜம்.

நுரையீரல் நோயாளிகளுக்குப் பயிற்சி தரும் மறுவாழ்வு மையங்களில் ஒவ்வொரு படியாகக் கூட்டி, நடக்கும்போது 88 அல்லது 90-க்குக் கீழே போகாத அளவைத் தேடுவார்கள். இதை வீட்டில் உங்கள் இஷ்டத்துக்குச் செய்யாதீர்கள். சிஓபிடி உள்ளவர்களில் சிலருக்கு அதிக ஆக்சிஜன் கொடுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்கும். காலையில் எழும்போதே தலைவலி, பகலில் மயக்கமான தூக்கம், பேச்சில் குழப்பம் இருந்தால் உடனே சொல்ல வேண்டும். இவர்களுக்கு மருத்துவர்கள் 88 முதல் 92 வரை என்று ஒரு இலக்கு வைப்பதுண்டு, 98 காட்டுவது இவர்களுக்குச் சாதனை இல்லை.

ஒரு நாள் பயிற்சி, ஆரம்பம் முதல் முடிவு வரை

டாக்டர் சொல்லியிருந்தால், கிளம்புவதற்கு 15 நிமிடம் முன்னால் மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலரை எடுத்துக்கொள்ளுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே வேண்டாம். குழாயை மாட்டி, நாற்காலியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து அளவைப் பாருங்கள், எழுதிக்கொள்ளுங்கள். பிறகு எழுவதற்கு முன்னாலேயே கருவியை நடைக்கான எண்ணுக்கு மாற்றுங்கள். மூச்சு வாங்கிய பிறகு கூட்டினால் அது விரலில் தெரியவே நேரம் பிடிக்கும், அதற்குள் அளவு இறங்கியிருக்கும்.

முதல் ஐந்து நிமிடம் மெதுவான நடை. பிறகு வேகத்தைக் கூட்டுங்கள். பூஜ்யம் முதல் பத்து வரை ஒரு அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள்: பூஜ்யம் என்றால் மூச்சே தெரியவில்லை, பத்து என்றால் இதற்கு மேல் தாங்காது. நான்கை ஒட்டி இருந்தால் சரி, பழகியபின் ஆறு வரை போகலாம். ஒரு சின்ன வாக்கியம் பேச முடிய வேண்டும், நீளமாகக் கதை சொல்ல முடியக் கூடாது. மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதி விடுங்கள். இரண்டு அடிக்கு உள்ளே, நான்கு அடிக்கு வெளியே என்று கால் தாளத்தோடு சேர்த்துவிட்டால் மறக்காது.

ஒரு நடையில் விரல் கருவி எப்படி ஓடும் என்று ஒரு கற்பனை உதாரணம். தொடக்கத்தில் 95. முதல் நிமிடம் முடிவில் 94, ஒன்றும் பயமில்லை. இரண்டாவதில் 91. மூன்றாவதில் 88, மூச்சு நான்கு. இங்கேதான் வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தும் 87 என்று வந்தால் நில்லுங்கள், சுவரிலோ நடைச்சட்டத்திலோ கையை ஊன்றி முன்னால் சாயுங்கள், உதட்டைக் குவித்து ஊதுங்கள். நின்ற பிறகும் அரை நிமிடத்துக்குள் 85 காட்டலாம், பதற வேண்டாம். நுரையீரலில் நடந்தது விரல் நுனிக்கு வந்து சேரத் தாமதமாகும், கருவியும் சில விநாடிகளின் சராசரியைத்தான் காட்டுகிறது. அதன்பின் ஏறத் தொடங்கும். 90-ஐத் தாண்டியதும் மறுபடி நடக்கலாம்.

ஆரம்பத்தில் ஒரு நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓய்வு என்று போவதே நல்லது. இடைவெளி விட்டுச் செய்யும் பயிற்சி தொடர்ந்து செய்வதற்குக் குறைந்ததில்லை, மூச்சு நோய் உள்ளவர்களுக்கு அதுதான் தாக்குப்பிடிக்கக்கூடியது. வாரா வாரம் ஓய்வைக் கொஞ்சம் குறைத்து நடையை நீட்டுங்கள். மொத்தம் 20 முதல் 30 நிமிட நடை என்பது இலக்கு, வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து நாள். சாதாரணமாக ஒரு மறுவாழ்வுத் திட்டம் 6 முதல் 12 வாரம் ஓடும், அதற்குள் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். நுரையீரல் திருந்திவிடாது. கால் தசைகள் அதே ஆக்சிஜனை வைத்துக் கூடுதல் வேலை செய்யக் கற்றுக்கொள்ளும், அதே தூரத்துக்கு மூச்சு குறைவாக வாங்கும்.

முடித்ததும் ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து நில்லுங்கள். உட்கார்ந்து அளவு பழைய நிலைக்கு வரும் வரை ஆக்சிஜன் இருக்கட்டும். பிறகு மறக்காமல் கருவியை ஓய்வுக்கான எண்ணுக்குத் திருப்புங்கள், கரியமில வாயு தேங்கும் உடம்புக்காரர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

நடை மட்டும் போதாது, தொடைக்கு வலு வேண்டும். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, பத்து முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி. கையைத் தோளுக்கு மேல் தூக்கும் வேலைகள் மூச்சை வாங்கும், ஏனென்றால் தோள் தசைகள் மூச்சுக்கும் உதவிக்கொண்டிருப்பவை. குளிக்கும்போதும் தலைவாரும்போதும் திணறுவதற்கு அதுதான் காரணம். எடையைத் தூக்கும்போது மூச்சை விடுங்கள், அடக்கிப் பிடிக்காதீர்கள். குளியலறைக்கும் மாடிப்படிக்கும் ஆக்சிஜன் கொண்டுபோவதையும் பயிற்சியாகவே நினைத்துக்கொள்ளுங்கள், அன்றாடம் அதிகம் இறங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

விரல் கருவியை எவ்வளவு நம்பலாம்?

சில சதவீதம் முன்னே பின்னே இருக்கும். குளிர்ந்த விரல், நகச்சாயம், ஆட்டம் எல்லாம் எண்ணைக் கெடுக்கும். நடக்கும்போது கையை நெஞ்சோடு அணைத்து அசையாமல் வைத்துக்கொள்ளுங்கள், நாடித்துடிப்பு எண் உங்கள் உண்மையான துடிப்போடு பொருந்துகிறதா என்று பாருங்கள், பொருந்தாவிட்டால் ஆக்சிஜன் எண்ணையும் நம்ப முடியாது. நமக்கு ஒரு கூடுதல் கவனம் வேண்டும்: கருமையான தோலில் இந்தக் கருவிகள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பது 2020-ல் வந்த ஒரு ஆய்வுக்குப் பிறகு பரவலாகப் பேசப்படுகிறது. எல்லைக்கோட்டில் நிற்கிறது எண், ஆனால் ஆள் சரியில்லை என்றால் ரத்தப் பரிசோதனை கேட்பது நியாயம்தான்.

பாதுகாப்பு

ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் எரிவதைப் பல மடங்கு வேகமாக்கும். குழாய் மூக்கில் இருக்கும்போது சிகரெட், பீடி, மின்சிகரெட் எதுவும் கூடாது, பக்கத்தில் இருப்பவருக்கும் கூடாது. அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி இவற்றிலிருந்து இரண்டு மூன்று மீட்டராவது தள்ளி இருங்கள். மூக்கு காய்ந்தால் பெட்ரோலியம் ஜெல்லி, எண்ணெய் தடவாதீர்கள், தண்ணீர் சார்ந்த ஜெல் அல்லது உப்புநீர்ச் சொட்டு போதும். குழாய் தடுக்கி விழுவது தீயைவிட அடிக்கடி நடக்கும் விபத்து, நடைப்பாதையில் சுருள் கிடக்காமல் பாருங்கள்.

நெஞ்சுவலி, தலைசுற்றல், படபடப்பு, உதடு நீலமாவது, நின்று சில நிமிடம் ஆகியும் அளவு ஏறாமல் இருப்பது, இதில் எது வந்தாலும் அன்றைய பயிற்சி அத்தோடு சரி, உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள். சளியின் நிறம் மாறி, வழக்கத்தைவிட மூச்சு வாங்கும் நாட்களில் நடைப்பயிற்சி வேண்டாம், டாக்டரைப் பாருங்கள்.

குழாயோடு வெளியே போகக் கூச்சமாக இருக்கிறது என்று நடையையே விட்டவர்கள் பலர். ஆட்கள் பார்க்கத்தான் செய்வார்கள். கூட்டமில்லாத நேரத்தில், தெரிந்த ஒருவரோடு தொடங்கினால் சில நாட்களில் பழகிவிடும், பார்ப்பவர்களுக்கும் சேர்த்து.

கடைசியாக ஒன்று. நோய் திடீரென்று மோசமாகி மருத்துவமனையில் இருந்துவிட்டு ஆக்சிஜனோடு வீடு திரும்பியவர்கள், மூன்று மாதத்துக்குள் மறுபடி அளந்து பார்க்கச் சொல்லுங்கள். உடம்பு தேறியதும் பலருக்கு அது தேவைப்படாமல் போகும், கேட்காததால் வருஷக்கணக்கில் தொடர்பவர்களும் உண்டு. மற்றவர்களுக்கும் வருடம் ஒரு முறையாவது, அல்லது அதே தூரத்துக்கு மூச்சு கூடுதலாக வாங்க ஆரம்பித்தாலும், ஆறு நிமிட நடையை உங்கள் கருவியோடு மறுபடி செய்து, நடைக்கான எண்ணைப் புதிதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.